முங்காத சட்டை

பழைய சட்டை விற்கிறவன் முதலில் அதன் பையைத் தடவிப் பார்க்க வேண்டும், பிறகுதான் விலை சொல்ல வேண்டும். பட்டாளத்துச் சட்டையாக இருந்தால் தடவிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வதும் நல்லது.

யுத்தம் முடிந்த கையோடு, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் முதலாளி ஒரு டிஸ்போசல் கடை திறந்தார். அதுவரை அவர் கருப்பட்டி மொத்த வியாபாரி, நான் அவருக்குச் சிப்பம் கட்டுகிறவன். கல்கத்தாவிலும் கொழும்பிலும் அமெரிக்கப் பட்டாளம் மூட்டை கட்டாமல் விட்டுப்போன சாமான்களை யாரோ ஏலம் எடுத்து, யாரோ கைமாற்றி, கடைசியில் எங்கள் தலையில் கட்டினார்கள். கோட்டு, பூட்ஸ், டார்ச் லைட்டு, டின் கறி, ஜீப்பின் குடல் குந்தாணி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தன. நீங்களும் கடையில் நின்று கால் வலித்தவர் என்றால் நான் சொல்லாமலே தெரியும், உள்ளே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அபிப்பிராயம் சொல்ல வருகிறவர்கள். எங்கள் கடைக்கு வந்தவர்களுக்கு அமெரிக்காவைப் பற்றி இல்லாத அபிப்பிராயமே கிடையாது.

கழற்றாத கோட்டு

காயல்பட்டினத்து முத்து வியாபாரி ஒருவர், ஹஜ்ஜுக்குப் போய் வந்த பெரியவர், நுவரெலியாவில் கடை வைத்திருக்கும் மகனுக்குக் குளிர்கோட்டு பார்க்க வந்தார். பார்த்துக்கொண்டே யுத்தத்தை அலசினார். மற்றவர்கள் அடித்துக்கொண்டு களைத்தபிறகு அமெரிக்காக்காரன் வந்தான், ஆனால் கடையை மட்டும் முதல் ஆளாக விரித்துவிட்டான் என்பது அவர் கட்சி. துணியை விரலால் நிமிண்டிப் பார்த்து, இந்தக் கெட்டிக்கு மான்செஸ்டர்காரன் பிச்சை வாங்க வேண்டும் என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார்.

அளவு பார்க்கக் கோட்டை மாட்டிக்கொண்டார். முழங்கை மடங்குகிற இடத்தில் ஏற்கெனவே சுருக்கம் விழுந்திருந்தது. அவர் கை அந்தச் சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்தது. பைக்குள் விரலை விட்டவர் ஒரு வெள்ளித்தாள் பொட்டலத்தை எடுத்தார். அதற்குள் மென்று மிச்சம் வைத்த மிட்டாய் பிசின், பல் தடத்தோடு. பிறகு மெல்லலாம் என்று பத்திரமாக மடித்து வைத்திருந்தான் யாரோ ஒருவன். பெரியவர் அதை மடித்தது மடித்தபடி பையிலேயே வைத்து, கோட்டை ரொம்ப மரியாதையாகக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வேண்டாம் தம்பி. இத இன்னும் ஒருத்தர் கழத்தல."

கெடாத கறி

டின்களில் பேர் கிடையாது, பச்சை வண்ணம் மட்டும்தான். உள்ளே என்ன இருந்தாலும் ஆட்டுக்கறி என்று சொல்ல வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. திருநெல்வேலி ரோட்டில் புதுக்கோட்டையில் கறிசோற்றுக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், மொத்தமாக எடுப்பதாகச் சொல்லி ஒன்றை உடைத்துக் காட்டச் சொன்னார். ரேஷனில் போட்ட அமெரிக்க மக்காச்சோளத்தைத் தின்று தன் வீட்டில் எல்லாருக்கும் வயிறு போனதாகவும், இருந்தாலும் அவன் டின் வேலையில் கெட்டிக்காரன் என்று கேள்வி என்றும் சொன்னார்.

உடைத்தேன். காலையில் அறுத்த மாதிரி இருந்தது கறி. யுத்தம் நடுவில் இருந்தபோது அடைத்த டின். அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்து வாசலில் போட்டார். கடைப் பூனை வந்து மோந்துவிட்டுப் போனது. எறும்புச் சாரி ஒன்று அதன் பக்கம் வரை வந்து, வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். 

"உசுரு இருந்தது எதுவும் கெட்டுப்போவணும்லா தம்பி. இது கெட மாட்டேங்கு, எனக்குப் பயமா இருக்கு."

கொண்டை ஊசி

லாரி ஷெட் மெக்கானிக் துரைப்பாண்டிக்கு அமெரிக்காதான் குலதெய்வம். ஒரு ஜீப்பின் பல்சக்கரத்தை இன்னொரு ஜீப்பில் மாட்டினால் பொருந்தும், நம் ஊரில் ஒரு கதவின் தாழ்ப்பாள் அதே கதவில் பொருந்தாது என்பார். யுத்தம் முடிகிற சமயத்தில் அவர்கள் ஜனாதிபதி இறந்ததைக்கூட அவர் மெக்கானிக் கண்ணால்தான் பார்த்தார். அன்றைக்கே அடுத்த ஆளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான், வண்டி நிற்கவே இல்லை, எல்லாவற்றுக்கும் ஸ்பேர் வைத்திருக்கிறான் என்று மெச்சிக்கொள்வார். அந்த ஸ்பேர் ஜனாதிபதி ரெண்டு ஊரைச் சாம்பலாக்கினாரே என்று நான் கேட்டால், அது வேறு டிபார்ட்மெண்ட் என்பார்.

ஒரு நாள் சீல் உடைக்காத கியர் பெட்டி ஒன்றைக் கடையிலேயே பிரித்தார். கம்பெனியில் மூடியபிறகு மனிதக் கை படாத பெட்டி. உள்ளே எண்ணெய்க்கு நடுவில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது, அதில் சுற்றிக்கொண்டு நீளமாக ஒரு செம்பட்டை முடி. துரைப்பாண்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அங்கே ஆம்பிளைகள் எல்லாம் சண்டைக்குப் போனபிறகு பெண்கள்தான் பட்டறையில் நின்றார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் கேட்பது வேறு, முடியைப் பார்ப்பது வேறு. அதுவரை அமெரிக்காவைக் குறை சொல்லாத மனுஷர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குரலைத் தணித்தார்.

"ஜீப்புக்கு ஸ்பேர் செஞ்சு அனுப்புனாளே ஒருத்தி, அவ மாப்பிள்ளைக்கு ஒண்ணு செஞ்சு வச்சிருப்பாளால?"

தொட்டியில் ஒருத்தன்

கடலில் விழுந்தாலும் முங்காத சட்டை என்று ஒரு சரக்கு வந்தது. காக்கித் துணிக்குள் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்து, இடுப்பு, நெஞ்சு, கழுத்து மூன்று இடத்தில் நாடா. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நம் தலையணையில் அடைக்கிற இலவம்பஞ்சு! நம் பக்கத்துப் பஞ்சை வாங்கிப்போய், தைத்து, சண்டை போட்டு முடித்து, நமக்கே விற்கிறானே என்று முதலாளிக்கு ஒரே ஆச்சரியம். வியாபாரத்துக்குத் தெளிவு வேண்டும் என்று, கல்லும் மணலும் போட்ட சாக்கு மூட்டைக்கு ஒரு சட்டையை மாட்டிக் கொல்லைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டார். முங்கினால் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எல்லாரிடமும் சவால்.

அது முங்கவில்லை. ராப்பகலாக மிதந்தது. காற்றுக்கு மெதுவாகச் சுற்றி, எப்படியோ கடையின் பின்வாசல் பக்கமே திரும்பி நிற்கும். நான் சாப்பிட உட்கார்ந்தால் அதற்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டேன். அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"மொதல்ல அந்த ஆளக் கரையேத்துங்க அண்ணாச்சி. அவரு பாத்துக்கிட்டு இருக்கையில எனக்குச் சோறு வடிக்க முடியல."

கடலுக்கு யார் சொன்னது

தோணிக்காரர்கள் யாரும் அந்தச் சட்டையை வாங்கவில்லை. விழப்போகிறேன் என்று சட்டை போட்டுக்கொண்டு ஏறுகிறவனைக் கடல் விடாது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கிய ஒரே ஆள் லூர்தம்மாள். அவள் புருஷன் சந்தியாகு கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போகிற தோணியின் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவன். கடலில் யுத்தக் காலத்துக் கண்ணிவெடிகள் இன்னும் மிதந்துகொண்டிருப்பதாகவும், அதில் மோதி ஏதோ தோணி போய்விட்டதாகவும் பேச்சு இருந்த சமயம் அது.

அவள் சட்டையை முகர்ந்து பார்த்தாள், தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இது பொம்பிளை தைத்தது, புருஷன் கடலில் இருக்கிறவள் தைத்தது என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். கட்டுகிற விதம் காட்டச் சொன்னாள். எனக்குத் தெரிந்தது கருப்பட்டிச் சிப்பம் கட்டுகிற முடிச்சு ஒன்றுதான்: இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, வால் தெரியாமல் உள்ளே செருகல். இடுப்பு முதலில், நெஞ்சு அடுத்து, கழுத்து கடைசியில். கடல்காரன் எவனும் அப்படி முடிச்சுப் போடமாட்டான். அவள் இரண்டு தடவை போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சண்டைதான் முடிந்துவிட்டதே தங்கச்சி என்று ஆறுதலாகச் சொல்லிவைத்தேன்.

"நமக்குத் தெரியும் அண்ணாச்சி. கடலுக்கு யாரு சொன்னா?"

ஏழு பேருக்கு ஒன்று

மறுநாள் சந்தியாகுவே வந்தான். வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். அவன் தோணி கரை சேர்வதை நான் பலதடவை பார்த்திருக்கிறேன். பின்னணியத்தில், அதாவது தோணியின் பின்கோடியில், விளக்குக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட சின்ன மரப்பெட்டிக்குள் மாதா இருப்பாள். கரை வந்ததும் முதலில் அந்தப் பெட்டியை ஒருவன் தலையில் வைத்து இறக்குவான். மாதா மண்ணில் இறங்கியபிறகுதான் தண்டலிலிருந்து சமையல்காரன் வரை யாரும் கால் வைப்பார்கள். அது அவர்கள் முறை.

சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்து முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் அதற்கு வரவில்லை. பெண்டாட்டிக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தது யார் என்று பார்க்க வந்தானாம். ராத்திரி பூரா அவனைக் கட்டிக் கட்டிப் பழக்கினாளாம். போட்டுக்கொள்வாயா என்று கேட்டேன். அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"ஏழு பேரு போறோம், சட்ட ஒண்ணு. நான் மாட்டிக்கிட்டு மத்தவன் மூஞ்சில எப்படி முழிக்க? அவ தூங்கணும்லா, அதுக்காவக் கொண்டு போறேன்."

மாதா இறங்கினாள்

கார்த்திகைப் புயலுக்கு முந்தி அந்தத் தோணி புறப்பட்டது. கொழும்புக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. ஏழு வீட்டுப் பெண்களும் கரையிலேயே நின்றார்கள். கடைக்கு வருகிறவர்கள் அமெரிக்காவை மறந்துவிட்டுத் தோணியைப் பற்றியே பேசினார்கள்.

ஒரு காலை, வேம்பார்ப் பக்கத்து வலைக்காரர்கள் இரண்டு பேர் கடைவாசலில் வந்து நின்றார்கள். தோளில் ஒரு துடுப்பு, அதன் நடுவே அந்தச் சட்டை தொங்கியது. கையால் தொடப் பயந்து அப்படித் தூக்கி வந்திருக்கிறார்கள். முதுகில் எங்கள் கடையின் சிவப்பு அடையாளம் இருந்ததால் இங்கே கொண்டுவந்தார்களாம். மூன்று நாடாவும் கட்டியிருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை; ஆனால் நெஞ்சு நிறைந்திருந்தது. தரையில் வைத்ததும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதலாளி சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மூன்றும் என் முடிச்சு, கருப்பட்டிச் சிப்ப முடிச்சு, வால் உள்ளே செருகியிருந்தது. பதறிய கை அப்படிச் செருகாது.

லூர்தம்மாள் வந்தாள். அழவில்லை. எதிரே உட்கார்ந்து கழுத்து, நெஞ்சு, இடுப்பு என்று கட்டிய வரிசைக்கு எதிர் வரிசையில் அவிழ்த்தாள். உள்ளே சந்தியாகுவின் தலைத்துண்டு சுற்றி, கண்ணாடி கீறாமல், மாதா பெட்டி இருந்தது. ஏழு பேரில் ஒருவருக்குப் போட்டால் ஆறு பேருக்கு இல்லை என்றவன், யாருக்குப் போட்டால் ஏழு பேரும் ஒப்புக்கொள்வார்களோ அவளுக்குப் போட்டிருக்கிறான்.

தெருப் பெரியவர்கள் மெதுவாகப் பேச்சை எடுத்தார்கள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும், கோயிலில் ஆளில்லாத சவப்பெட்டி வைத்துப் பூசை செய்துவிடலாம், பெண்கள் தாலியைக் கழற்றட்டும் என்றார்கள். மற்ற ஆறு பெண்களும் லூர்தம்மாள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மாதா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாதா எறங்கிட்டா. இனி ஆளுவ எறங்கணும். அதுதானே மொற?"

கடைசி விற்பனை

பூசை நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்தது, தை பிறந்தது. ஒரு மத்தியானம் ஏழு பெண்களும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். அவர்கள் அந்தச் சட்டை அடுக்கியிருந்த பெட்டிக்கு நேரே போனார்கள். ஒவ்வொருத்தியும் ஒன்றை எடுத்து, தன் தோளுக்கு மேலே கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கண்ணை மூடி அளவு பார்த்தாள். ஒருத்தி, அவளுடைய ஆள் நல்ல பருமன், பெரிதாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். தேடி எடுத்துக் கொடுத்தேன்.

முதலாளி விலை சொல்லவில்லை. கையில் கொண்டுபோகச் சிரமம் என்று அவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வெயிலில் ஏழு காக்கிச் சட்டைகள் சந்து வழியே கடலைப் பார்த்து நடந்துபோனதை வாசலில் நின்று பார்த்தேன். போவதற்கு முன் லூர்தம்மாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"ஒத்தச் சட்டைன்னா அவிய போடமாட்டாவ அண்ணாச்சி. ஏழு இருந்தா வராம இருக்க ஒரு சாக்கும் சொல்ல முடியாதுல்லா."

எல்லாவற்றுக்கும் ஸ்பேர் வைத்திருக்கிற அமெரிக்காக்காரன் சாமானில் இன்றுவரை எனக்கு ஒரு குறைதான்: கடலில் விழுந்தவன் முங்காமல் இருக்கச் சட்டை தைத்தவன், கரையில் நிற்கிறவள் முங்காமல் இருக்க ஒன்றும் தைக்கவில்லை.