புங்கங்கன்றுக்கு மோட்டார் எங்கே?

கிளியம்மாளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தண்டலம் பக்கம் புதிதாக வந்த பம்ப் கம்பெனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. ஊற்றினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்க வேண்டியதுதானே? ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

1991 ஆவணியில் வேலி ஓரமாக நாற்பது புங்கங்கன்றுகளை நட்டார்கள். தரையில் வளர்ந்தவற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்ததில் பாதி வேர் அறுந்திருந்தது. மூன்றாம் நாளே இலையெல்லாம் துவண்டு தொங்கிவிட்டது. கிளியம்மாள் சரியாக ஊற்றவில்லை என்றார் சூப்பர்வைசர் ஜீவானந்தம். பம்பிலேயே ஊறிய மனுஷர் அவர். வேர்தான் மோட்டார், அது கீழேயிருந்து தள்ளுகிறது, தண்ணீரைக் கூட்டினால் இலை நிமிரும் என்பது அவர் நினைப்பு. திங்கட்கிழமை முதலாளி வருகிறார், அதற்குள் நிமிரவில்லை என்றால் நீ வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். புருஷன் இல்லாத கிளியம்மாள் வீட்டில் அந்த வேலையை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது.

குடம் குடமாக ஊற்றினாள். மண் சேறானதுதான் மிச்சம். அப்போதுதான் நாற்று ஞாபகம் வந்தது. பத்து வயதிலிருந்து நடவுக்குப் போனவள் அவள். நாற்று முற்றிப்போயிருந்தால் நுனியைக் கிள்ளிவிட்டுத்தான் நடுவார்கள். ஏன் என்று அன்றைக்கே கேட்காமல் விட்டோமே என்று தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கேட் பக்கம் செழித்து நின்ற பெரிய புங்கமரத்தில் ஒரு கிளையை இலையோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்டினாள். மத்தியானம் பார்த்தால் பைக்குள்ளே தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. அடேயப்பா, இத்தனையும் இலை விட்ட தண்ணீரா!

கன்றுகளின் இலையைக் கிள்ளிவிடலாமா என்று ஜீவானந்தத்திடம் கேட்டாள். மொட்டைக் குச்சிகளைப் பார்க்கவா முதலாளி வருகிறார் என்று அவர் எரிந்து விழுந்தார்.

சனிக்கிழமை காலை அவருடைய மேஜையில் இரண்டு பாட்டில்களைக் கொண்டுபோய் வைத்தாள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஒவ்வொரு புங்கங்கிளை. ஒன்றில் இலை இருந்தது, மற்றதில் உருவியிருந்தாள். வாயைக் களிமண்ணால் அடைத்திருந்தாள். பேனாவால் கோடு போடச் சொன்னாள். தலையெழுத்தே என்று அவரும் போட்டார்.

சாயந்திரம் மொட்டைக் கிளை நின்ற பாட்டிலில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. இலை இருந்ததில் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. ஜீவானந்தம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேரே இல்லையேம்மா. அப்புறம் யார் தள்ளுறது?"

"யாரும் தள்ளல சார். எலதான் மேலேர்ந்து இழுக்குது. வேரு அறுந்து கீது, எல வுடாம இழுத்துக்கினே கீது. கன்னு காயாம இன்னா பண்ணும்?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக நாற்பது கன்றுகளின் இலையையும் உருவினார்கள்.

திங்கட்கிழமை முதலாளி காரை விட்டு இறங்கியதும் முகத்தைச் சுளித்தார். இது யார் பார்த்த வேலை என்று கேட்டார். நான்தான் என்று சொல்லக் கிளியம்மாள் வாயெடுத்தாள்.

"நான்தான் சார் உருவச் சொன்னேன்," என்றார் ஜீவானந்தம். ஒரு குச்சியிலும் ஒரு துளிர்கூட வராத நாள் அது.

அடுத்த மாதம் முப்பத்தாறு கன்றுகள் துளிர்த்துவிட்டன. மறுபடி வந்த முதலாளி ஜீவானந்தத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஜீவானந்தம் விலகி நின்று கிளியம்மாளைக் கூப்பிட்டார்.

"நான் இல்ல சார். இந்தம்மா கண்டுபிடிச்சது."

உனக்கு என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டார். கிளியம்மாளுக்குக் கேட்க ஒன்று இருந்தது. மேலே வைத்த பம்ப் இருபத்தைந்து அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்சாது என்று இடையில் ஒருநாள் ஜீவானந்தம் சொல்லியிருந்தார். அவள் ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தப் பன அறுவது அடி கீது சார். அது மட்டும் எப்டி இழுக்குது?"

முதலாளி ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் பனையைப் பார்த்தார்.