தம்பி ஓடிய காட்சி

என் தம்பி ஒரே ஒரு சினிமாவில் நடித்திருக்கிறான். அந்தப் படத்தை அவன் இன்றுவரை பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கடைசிக் காட்சியில் அவன் முகத்தைத்தான் புகழ்ந்திருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை எப்படி இப்படி நடிக்கவைத்தார்கள் என்று வியந்திருந்தார்கள். எப்படி என்று தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் இருப்போம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்கு முந்தின சித்திரையில் அப்பா உப்பளத்தில் இறந்துபோனார். உச்சி வெயிலில் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே குப்புற விழுந்தார். மரக்காணம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடல் வீட்டுக்கு வருமுன்பே தம்பியை யாரோ பைக்கில் உட்காரவைத்து வானூரில் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தவன் அப்பா எங்கே என்று கேட்டான். தூத்துக்குடிப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார், அங்கேயும் உப்பளம் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நாளில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்திருப்பாள். ஆனால் நாள் ஆக ஆக அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டவுமில்லை. தெருவில் யாரும் தம்பியிடம் உளறிவிடக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவன் தினமும் அப்பா எப்போது வருவார் என்று கேட்பான். தீபாவளிக்கு என்போம். பிறகு பொங்கலுக்கு என்றோம்.

மறுவருஷம் பாத்திகளில் முதல் உப்பு வெளுக்க ஆரம்பித்தபோது சென்னையிலிருந்து ஒரு வேன் வந்தது. படம் எடுக்க வந்தவர்கள் மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர்தான். டைரக்டர் ஒரு இளம் பெண். காட்டன் சுடிதார் போட்டுக்கொண்டு, எங்களோடு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். குரலை உயர்த்தியே பேசமாட்டார். எனக்கு அவரைக் கண்டால் அப்படியொரு மயக்கம். உப்பளத்தில் அப்பாவைப் பறிகொடுத்த அக்காவும் தம்பியும்தான் கதை. அம்மாவிடம் பிள்ளைகள் நடிக்கும் படம் என்று மட்டும் சொன்னார்கள். தம்பியின் பெரிய கண்ணைப் பார்த்துவிட்டு அவனை எடுத்துக்கொண்டார்கள். அக்காவாக நடிக்கச் சென்னையிலிருந்தே ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். அவள் முகத்தில் தினமும் காலையில் கறுப்பு பூசினார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்றார்கள்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. கடைசிக் காட்சி மட்டும் வரவில்லை. தூரத்தில் உப்பு வாரும் ஒருவரைப் பார்த்து அப்பா என்று நினைத்துப் பையன் ஓட வேண்டும், கிட்டப் போனால் வேறு ஆள். தம்பி சிரித்துக்கொண்டே ஓடினான். பாதியில் நின்று கேமராவைப் பார்த்தான். வரப்பில் கிடந்த நண்டைக் காட்டினான். நான்கு நாள் இப்படியே போனது. மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

மத்தியானம் டைரக்டர் அக்கா என்னை வேன் நிழலுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து அப்பாவைப் பற்றிக் கேட்டார். அப்பா போனதிலிருந்து அவரைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டிலோ பேசவே கூடாது. அதனால் அணை உடைந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். நீலக் கட்டம் போட்ட சட்டையை, குனிந்து நிமிரும்போது இடுப்பில் புறங்கையை வைத்துக்கொள்வதை, தம்பியிடம் நாங்கள் சொல்லி வைத்திருக்கும் தூத்துக்குடிக் கதையை. டைரக்டர் அக்காவின் கண் கலங்கியது. அது பொய்க் கண்ணீர் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. பிறகு கேட்டார்.

“அந்தச் சட்டை வீட்ல இருக்குதா?”

“பெட்டியில இருக்குதுக்கா.”

“தம்பி நீ சொன்னா நம்புவானா?”

“நான் எது சொன்னாலும் நம்புவான்” என்றேன், பெருமையாக.

அம்மா வேறு அளத்தில் உப்பு சுமக்கப் போயிருந்தாள். நான் வீட்டுக்கு ஓடி, தகரப் பெட்டியிலிருந்து சட்டையை எடுத்துப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தேன். உப்பு வாருபவராக நடித்தவர் பாண்டிச்சேரிக்காரர். அவருக்குத் தலையில் துண்டு கட்டும் விதத்தை நான்தான் காட்டினேன். புறங்கையை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்தியின் அந்தக் கோடியில் போய் நின்றபோது நானே ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். ஆனாலும் டைரக்டர் அக்கா தலையசைத்ததும் தம்பியின் காதோரம் குனிந்தேன்.

“டேய், அப்பா வந்துட்டாரு. அதோ பாரு.”

அவன் பார்த்தான். பிறகு ஓடினான். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. வரப்பில் ஓடாமல் பாத்திக்குள் இறங்கி, உப்பு காலைக் கிழிக்க, விழுந்து எழுந்து ஓடினான். அப்பா என்று கூப்பிடக்கூட இல்லை. போய் அந்த மனிதரின் கால்களைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். அவர் திரும்பினார். தம்பி அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தான். அழவில்லை. மெல்லக் கைகளை எடுத்துக்கொண்டு திரும்பி, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் படம் முடிகிறது. பையன் தொடுவானத்தைப் பார்க்கிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பாண்டிச்சேரிக்காரர் மட்டும் தட்டவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு வேனுக்குப் பின்னால் போய்விட்டார். டைரக்டர் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, நீ இல்லையென்றால் இந்தப் படமே இல்லை என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பியின் காலில் மருந்து போட்டார்கள். பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். அவனும் சாப்பிட்டான்.

மறுநாள் கிளம்பும்போது சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு ஒரு கவரில் வைத்து வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்புத்தூள் வாசனைதான் வந்திருக்கும். வேன் போனபிறகு என்னை விளக்குமாற்றால் அடித்தாள். அடித்து ஓய்ந்ததும் அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சுத்தமாகத்தானே கொடுத்திருக்கிறார்கள், இதற்கா இந்த அடி என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றிலிருந்து தம்பி அப்பாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். அம்மாவும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புரிந்துகொண்டான், நல்லதாகப் போயிற்று என்று பெரியம்மாகூடச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு விதத்தில் நான் உதவியிருக்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

இப்போது அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து பாண்டிச்சேரியில் சேர்த்திருந்தோம். ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னதும் அவனுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, கண் விழித்துவிட்டாள், நிதானமாக வா என்றேன். அவன் கேட்டான்.

“பக்கத்துல நர்ஸ் யாருனா இருக்காங்களா?”

“இருக்காங்க. ஏன்டா?”

“அவங்ககிட்ட குடு.”

கொடுத்தேன். நான் சொன்னதையே அவரும் சொன்னார். ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர் என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. போன் என் கைக்குத் திரும்பி வருவதற்குள் வைத்துவிட்டிருந்தான்.

அப்பா இனி வரமாட்டார் என்பது அன்றைக்கு அந்த வெயிலில் அவனுக்குத் தெரிந்துபோனது, அவ்வளவுதான் என்று பதினொரு வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.