இடது கைக்கு மாறிய நூல்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை, தளியில் ரோஜாத் தோட்டம் என்று எங்கேயும் ஒரு வருடம் முழுதாகத் தங்கியதில்லை. போன இடமெல்லாம் கூடவே வந்தவை இரண்டு பின்னல் ஊசிகள். கம்பளி நூலைக் கையில் எடுத்தால்தான் நான் ஓரிடத்தில் உட்காருவேன்.

ஓசூரில் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் என் வலது ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துக்கொண்டது. புண் ஆறிவிட்டது. ஆனால் நூலை ஊசிமேல் சுற்றிப் போட அந்த விரல்தான் வேண்டும். எனக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் நெஞ்சளவில் நின்றுபோனது. ஒரு வரிசை முடிப்பதற்குள் நாலைந்து கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவின. ஊசிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பூ கட்டும் வேலை. வீட்டில் கன்னடம் பேசுவாள். பின்னல் தெரியாது. வாசலில் சாமந்தி கட்டிக்கொண்டே என் தடுமாற்றத்தைப் பார்த்தாள்.

“ஏங்க்கா, போன விரலையே கெஞ்சிக்கிட்டு இருக்கறீங்க? இடது கைக்கு என்ன கேடு? எனக்கு நூலு இதுலதானே நிக்குது.”

“இது பூ இல்லடி.”

“நூலுதானே? சுத்தித்தான் பாருங்களேன்.”

இடது விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு, வலக்கை ஊசியால் அதைக் கொக்கிபோல் இழுத்தேன். கண்ணி நழுவாமல் நின்றது. சாயங்காலத்துக்குள் மூன்று வரிசை முடித்துவிட்டேன்.

கை மாறினால் நூலின் இழுப்பும் மாறும். ஸ்வெட்டரின் கீழ்ப்பாதி இறுக்கமாகவும் மேல்பாதி தளர்வாகவும் வந்தது. அவளிடம்தான் முதலில் போட்டுக் காட்டினேன்.

“என்னக்கா, கீழ ஒருத்தி, மேல ஒருத்தி பின்னுன மாதிரி இருக்குது?” என்று சிரித்தாள்.

“ஆமா. மேல பின்னுனது நீதான்” என்றேன்.