மகனுக்கு எழுதிய பூசை

1. மல்லாவியில் முதல் நாள்

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு வேலைக்கு ஒரு மேசை வேண்டும், கதிரை வேண்டும், முத்திரை வேண்டும், சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு முல்லைத்தீவில் நான் வேலை பார்த்த கந்தோரை விட்டுவிட்டு மல்லாவிக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் முத்திரை மட்டும்தான் இருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையற்கடைக்காரர் தன் விறாந்தையில் இடம் தந்தார். துணி வெட்டும் பலகைதான் மேசை. முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் வந்தவர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடை கருவாட்டுக் கடை. அந்த வாடை என் உறுதிக் கட்டுகளில் ஏறியது, வேட்டியில் ஏறியது, சாப்பாட்டிலும் ஏறியது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிற எனக்கு ஆண்டவன் தந்த சோதனை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பெல்லாம் என்னிடம் வந்தவர்கள் காணி வாங்க வந்தார்கள், விற்க வந்தார்கள், மகளுக்குச் சீதனம் எழுத வந்தார்கள். எழுதி முடித்ததும் வெற்றிலைத் தட்டு நீட்டுவார்கள். மல்லாவியில் விற்கவும் வாங்கவும் எவரிடம் என்ன இருந்தது? மரணசாதனம் எழுதத்தான் வந்தார்கள். போக முடியாத வீட்டையும், எட்டிப் பார்க்க முடியாத வளவையும் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார்கள். அதை எந்த நீதிமன்றத்தில் காட்டி எப்போது கையேற்கப் போகிறார்கள் என்று எனக்கே தெரியாது. தெரியாமல்தான் முத்திரை குத்தினேன். மனம் விட்டுப்போன வேலை அது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற இளம் பிள்ளைகள் கணினியில் அச்சடித்ததை நீட்டி, “இதில சைன் வையுங்கோ” என்கிறார்கள். சாதனத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்டு, அதன்பிறகே ஒப்பம் வாங்க வேண்டும். நொத்தாரிசின் கடமை அது. அந்த வாசிப்பால் ஒரு குடும்பத்துக்குள் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. கடலை மட்டும் நம்பி

கருவாட்டுக் கடைக்காரரின் பெயர் சவிரிமுத்து. முல்லைத்தீவில் அவர் பெரிய சம்மாட்டி. வள்ளங்களும் வலைகளும் அவருடையவை, அவற்றை இழுக்கிற ஆட்களும் அவருடைய ஆட்கள். நாயாற்றுக் கரையிலும் அவருக்கு மீனவர் தங்கும் வாடி இருந்தது. இடம்பெயர்ந்து வந்தபின் கருவாடு வாங்கி விற்று முதலாளி என்ற பெயரை எப்படியோ காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு என் எதிரில் வந்து இருந்தார்.

“நொத்தாரிசு, எனக்கொரு மரணசாதனம் எழுத வேணும். நெஞ்சில சளியாம். ஆனா டொக்டற்ர முகத்தைப் பாத்தா சளி மாதிரித் தெரியேல்லை.”

“என்னென்ன சொத்து?”

“வீடு வளவு ஒண்டு. தென்னங்காணி ஒண்டு. கரைவலைப் பாடு ஒண்டு.”

பாடு என்பது கரையில் வலை வளைத்து இழுப்பதற்கு உரிமையுள்ள கடற்கரைத் துண்டு. சம்மாட்டிமாருக்கு அது வயலைவிடப் பெரிது.

“வளவின்ர உறுதி எங்க?”

“அலுமாரிக்குள்ள.”

“அலுமாரி?”

“வீட்டில.”

“வீடு?”

அவர் கிழக்குப் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம். உறுதி இல்லாவிட்டால் எல்லையையாவது எழுத வேண்டும். கேட்கத் தொடங்கினேன்.

“வடக்கு?”

“சூசையற்ர வளவு. சூசையர் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போட்டார்.”

“மேற்கு?”

“ரோட்டு.”

“தெற்கு?”

“கோயில் மதில்.”

“மதில் இப்ப நிக்குதோ?”

“எனக்கெப்பிடித் தெரியும்? கிழக்கில கடல் நிக்கும். அதை மட்டும் நம்பி எழுதுங்கோ.”

அப்படியே எழுதினேன். பேனையை மூடப் போகும்போது தடுத்தார்.

“இதெல்லாம் பிறகு வரட்டும். முதல் ஆத்துமத்தை எழுதுங்கோ. என்ர அப்புவின்ர சாதனத்திலயும் அதுதான் முதல்.”

வழக்கமாக நான் “முன்பு எழுதிய சாதனங்கள் யாவற்றையும் ரத்துச் செய்கிறேன்” என்று தொடங்குவேன். அவருக்காக மாற்றினேன். ஆத்துமத்தை ஆண்டவர் கையிலும், உடலை முல்லைத்தீவுக் கடற்கரைச் சேமக்காலையில் தகப்பனாரின் பக்கத்திலும் ஒப்படைத்தார். இறந்த முப்பத்தோராம் நாள் அகதி முகாமில் இருக்கிற ஏழைகளுக்குச் சாப்பாடு. கரைவலைப் பாட்டில் வலை வளைக்கத் தொடங்கினால் அந்த வருமானத்தில் ஒரு பங்கு பூசைக்கு. அவருடைய வலையில் வேலை செய்து கடலில் போனவர்களின் ஆத்துமங்களுக்கும் அதில் பூசை உண்டு. மிச்சம் எல்லாம் மனைவி திரேசம்மாவுக்கு.

“பிள்ளை இல்லையோ?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

ஒரே மகன். பெயர் அன்ரன். இடம்பெயர்ந்த பிறகு ஒரு விடிய நாயாற்றிலிருந்து இரண்டு பேரோடு தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. சில நாட்கள் கழித்து அவனுடைய வலையின் மிதப்புகள் கரை ஒதுங்கின. கயிற்று முடிச்சைப் பார்த்தே தகப்பன் அறிந்துகொண்டார். ஆனால் தெற்கில் ஒரு சிறையில் அவனைப் போல ஒருவனைக் கண்டதாக எவரோ எவருக்கோ சொன்ன கதையும் ஊரில் உலாவியது.

“அவனுக்கு மாதம் ஒரு ஆத்துமப் பூசை எண்டு எழுதுங்கோ” என்றார். “கடலில போனவனுக்குக் கல்லறையும் இல்லை. பூசையாவது இருக்க வேணும்.”

3. முதல் வாசிப்பு

ஒப்பம் வைக்கிற நாளில் அவரால் தனியாக நடக்க முடியவில்லை. திரேசம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். பிறகு படியில் போய் முந்தானையால் விசிறிக்கொண்டு இருந்தார். சாட்சிக்குத் தையற்கடைக்காரரும் ஒரு வாத்தியாரும் நின்றார்கள். நான் வாசித்தேன். எனக்குக் கொஞ்சம் பெரிய குரல்.

“காணாமற்போன என் மகன் அன்ரனின் ஆத்தும இளைப்பாற்றிக்காக…”

திரேசம்மா எழும்பி உள்ளே வந்துவிட்டார்.

“ஆற்ர ஆத்துமம்? ஐயா, ஆற்ர ஆத்துமம் எண்டு வாசிச்சனீங்கள்?”

“திரேசு, இரு. நான் சொல்லுறன்…” என்றார் சம்மாட்டியார்.

“என்னத்தைச் சொல்லுவீங்கள்? உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆத்துமப் பூசை ஒப்புக்குடுக்கிறதோ? அவன் வரேக்க நீ செத்திட்டாய் எண்டு சொல்லி அனுப்பவோ?”

“மிதப்பு வந்ததெல்லே, திரேசு. நீயும் பாத்தனிதானே.”

“மிதப்பு எண்டா மிதந்துதான் வரும். பிள்ளையோ வந்தது?”

வாத்தியார் நிலத்தைப் பார்த்தார். தையற்கடைக்காரர் உள்ளே போய் மெசினுக்கு எண்ணெய் விடத் தொடங்கினார். சட்டப்படி திரேசம்மாவின் சம்மதம் தேவையே இல்லை. அந்த மனிசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை. சம்மாட்டியாரும் பேனையைத் தொடவில்லை. அன்று அப்படியே எழும்பிப் போனார்கள்.

அதன்பிறகு இரண்டு பேரும் தனித்தனியே என்னிடம் வரத் தொடங்கினார்கள். அவர் வந்து “எழுதினது எழுதினபடி கிடக்கட்டும்” என்பார். திரேசம்மா வந்து “அந்தத் தாளைக் கிழிச்சுப்போடுங்கோ” என்பார். நான் பங்குச் சுவாமியாரிடம் போய் வழி கேட்டேன். உயிரோடு இருப்பவரின் சுகத்துக்காகவும் பூசை வைக்கலாம், அப்படி எழுதினால் என்ன என்றார் அவர். பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட சந்தோசத்தோடு ஓடிவந்து சம்மாட்டியாரிடம் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். “கருவாட்டுச் சாக்கில பேரை மாறிப் போட்டா லொறிக்காரன் எங்க கொண்டுபோய் இறக்குவான்? சுகத்துக்கு வைக்கிற பூசை செத்தவனுக்குப் போய்ச் சேராது, நொத்தாரிசு.”

“ஆண்டவருக்குத் தெரியாதோ?”

“ஆண்டவருக்குத் தெரியும். எனக்கு ஆறுதல் வராது.”

அதற்குமேல் அவர் கடைக்கு வரவில்லை. ஆளனுப்பிக் கூப்பிட்டபோது சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பாயில் கிடந்தார். திரேசம்மா குசினிக்குள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். சம்மாட்டியார் மெதுவாகச் சொன்னார்:

“அந்த வாசகத்தை வெட்டிப்போடுங்கோ. அவனுக்கு ஆண்டவர் இருக்கிறார். இவளுக்கு அவன் மட்டும்தான் இருக்கிறான்.”

வெட்டினேன். அவன் வந்தால் சொத்தைத் தாய் பார்த்துக் கொடுப்பார் என்று ஒரு வரி சேர்த்தேன். குசினிக்கும் கேட்கும்படி வாசித்தேன். ஒப்பம் வைத்தார். என் வாழ்நாளில் அவ்வளவு கோணலான ஒப்பத்தை நான் கண்டதில்லை.

4. நாயாற்று மணல்

சம்மாட்டியார் இறந்ததும், சாதனத்தில் ஆத்துமத்துக்கு அடுத்ததாக எழுதியதே முதலாவதாகப் பொய்த்தது. கடற்கரைச் சேமக்காலைக்கு எவர் போக முடியும்? அது இராணுவ முகாமுக்குள் கிடந்தது. மல்லாவிப் பக்கத்துச் செம்மண்ணில் குழி வெட்டினார்கள். கடல் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கடற்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை.

நாயாற்றிலிருந்து அவருடைய பழைய ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள். ஒருவரின் கரியரில் உரப்பை ஒன்று கட்டியிருந்தது. மீனாக்கும் என்று நினைத்தேன். கடல் மணல். பெட்டியை இறக்குவதற்கு முதல் குழிக்குள் கொட்டிப் பரவிவிட்டார்கள். நான் சட்டம் படித்து எழுதிய வாசகத்தைவிட அந்த உரப்பை அவருக்கு உதவியது. அன்று அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு நடந்தது. சோறு, பருப்பு, ஒரு கருவாட்டுக் குழம்பு. திரேசம்மா கடையை நடத்தினார். வவுனியாவிலிருந்து வருகிற ஒவ்வொரு லொறிக்காரரிடமும் மகனின் படத்தைக் காட்டுவார். தெரியாது என்றால் படத்தைத் துடைத்து உள்ளே வைப்பார். சம்மாட்டியாருக்குப் பூசை வைக்கும்போதெல்லாம் மகனின் சுகத்துக்கும் சேர்த்து ஒப்புக்கொடுத்தார்.

5. இரண்டாம் வாசிப்பு

தொண்ணூற்றாறில் நடந்த சண்டையில் அந்த இராணுவ முகாம் இல்லாமற் போனது. முல்லைத்தீவுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். திரேசம்மா ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனார். திரும்பி வந்து சில நாட்கள் கடை திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில் என் எதிரில் வந்து இருந்தார்.

“ஐயா, எனக்கொரு சாதனம் எழுத வேணும்.”

“வீட்டைப் பாத்தனீங்களோ?”

“வீடு இல்லை. கோயில் மதிலும் இல்லை. கிணறு கிடக்குது, அதுக்குள்ளயும் இடிஞ்ச கல்லுத்தான். கடலைப் பாத்து ஒருக்காக் கூப்பிட்டன், ஐயா. அன்ரன் எண்டு. அவன் எங்கயிருந்து வந்தாலும் முதல் அந்த வீட்டடிக்குத்தானே வருவான் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். வாறதுக்கு அங்க ஒண்டுமில்லை.”

நான் தாளை எடுத்தேன். கரைவலைப் பாட்டையும் காணியையும் வலையிழுத்த ஆட்களுக்குப் பொதுவாக எழுதச் சொன்னார், வருமானத்தில் பூசைக்கான பங்கு முன்போலவே இருக்க.

“ஆத்துமத்துக்கு?” என்று கேட்டேன். சம்மாட்டியார் பழக்கிவிட்ட கேள்வி.

“அவருக்குப் பூசை. அன்ரனுக்கும் பூசை.”

“சுகத்துக்கோ?”

“இல்லை, ஐயா. ஆத்துமப் பூசை.”

பேனை நின்றுவிட்டது. “அம்மா, ஒருவேளை அவன் வந்தால்?” என்றேன். நான் யாருக்காக அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“வந்தா வரட்டும். பூசை வீணாப் போகாது. கடலுக்குள்ள வேற எவ்வளவு பிள்ளையள் கிடக்குதுகள்.”

“உங்களுக்கு எத்தினை பூசை எழுத?”

“எனக்கு வேண்டாம். என்ரயையும் அவனுக்கே எழுதுங்கோ. அந்த மனுசன் குடுக்க வந்த பூசையை மறிச்சது நான். இவ்வளவு வருசமும் பிள்ளை ஒரு செபமும் இல்லாமக் கிடந்திருப்பான்.”

அப்படி இல்லை அம்மா, நீங்கள் செபித்ததெல்லாம் அவனுக்குத்தான் என்று சொன்னேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. காத்திருந்ததையே பெற்ற பிள்ளைக்குச் செய்த துரோகமாக ஒரு தாய் நினைக்கிற நிலைக்கு மேல் ஆறுதல் சொல்ல எந்த மொழியில் என்ன இருக்கிறது?

அதே தையற்கடைக்காரர், அதே வாத்தியார். வாசித்தேன். இந்த முறை சின்னக் குரலில். “காலஞ்சென்ற என் மகன் அன்ரனின்” என்ற இடத்தை வாய்க்குள் முணுமுணுத்தேன். நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன்.

“ஐயா, அது வடிவாக் கேக்கேல்லை. திருப்பி வாசியுங்கோ.”

திருப்பி வாசித்தேன். முழுவதையும், பெயரோடு. அதுவரை மகனைக் “காலஞ்சென்ற” என்று அவர் முன்னால் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “ஓம்” என்றார். ஒப்பம் நேராக இருந்தது.

அந்தப் பாட்டில் வலை வளைத்து அந்தப் பூசைகளுக்கு வருமானம் வந்ததாக நான் வேலையில் இருந்தவரை கேள்விப்படவில்லை. நான் எழுதிய சாதனங்களில் பெரும்பாலானவற்றின் கதி அதுதான்.

ஆனாலும் இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வாசித்துக் காட்டுங்கள். எழுதியவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக வாசிக்கிறோம் என்று எனக்குப் படிப்பித்தார்கள். திரேசம்மாவுக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்தது. அதை இன்னொருவர் வாயால் ஒருமுறை கேட்டால்தான் மகனுக்காக அழலாம் என்று வந்திருந்தார். ஒப்பம் வைத்த பேனையை மூடி என்னிடம் தந்துவிட்டு, கருவாட்டுக் கடைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.