ஆறு மாதக் கெடு

சனிக்கிழமை வகுப்பில் சந்திரமதிக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அவள் தலை சாயும்போதெல்லாம் முழங்கையால் இடித்து எழுப்புவது என் வேலை. திடுக்கிட்டு விழித்து, அதுவரை எழுதிக்கொண்டிருந்தவள் போலப் பேனாவைப் பிடிப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வாரம் முழுக்க புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கட்டி மேய்த்துவிட்டு, சனிக்கிழமையும் ஆசிரியர் பயிற்சி என்று மலாக்கா டவுனுக்கு வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் கண் சொருகாது? நானும் அவளைப் போலத் தற்காலிக ஆசிரியைதான். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்பதால் அரைத் தூக்கத்தில் இரண்டு பேரும் அதை இழுத்துக்கொண்டிருந்தோம்.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு. ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அவள் புருஷன் கலியாணசுந்தரம் ஆற்றோரத்துக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் கப்பலேறி வந்த மனிதர், ஊரில் ஐந்தாவது வரை படித்தவர். அவளோ புக்கிட் ரம்பாயில் பிறந்தவள். இந்தியாவை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

எங்களுக்கு வகுப்பு எடுத்த தேவதாஸ் சார் உலக நடப்பு என்றால் கறார். வாரத்துக்கு ஒருவர் எழுந்து நின்று, உலகத்தில் நடப்பதைப் பற்றிப் பேச வேண்டும். செய்தியை ஒப்பித்தால் மட்டும் விடமாட்டார். "அதப் பத்தி நீ என்ன நெனக்கிற? அதச் சொல்லு" என்பார். அரிசி களையவே நேரம் இல்லாதவர்கள் ஹங்கேரியைப் பற்றி என்னத்தை நினைப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதற்கும் மதிப்பெண் உண்டு. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

சந்திரமதிக்கு உலகச் செய்தியெல்லாம் அடுப்படியிலேயே கிடைத்துவிடும். கிட்டங்கி வேலை முடிந்ததும் கலியாணசுந்தரம் கோப்பிக்கடைக்குப் போய், எல்லாரும் படித்து முடித்த பேப்பரை வாங்கிவருவார். மறுநாள் கடை திறக்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் சமைப்பாள், அவர் அடுப்படி வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படித்துக்காட்டுவார். முதுகு வலியில் முனகிக்கொண்டேதான் படிப்பார். ஆனாலும் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் என்று அவள் ஒரு முறை வெட்கத்தோடு சொன்னாள். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வது போல, அந்த வீட்டில் பேப்பர். நானும் இந்தப் பக்கம் வெங்காயம் உரித்தபடி ஓசியில் கேட்டுக்கொள்வேன்.

மே மாதத்தில் ஒரு நாள் சூயஸ் கால்வாயைப் படித்தார். வெள்ளைக்காரன் ஏதோ தீவுப் பக்கம் பெரிய குண்டு வெடித்துப் பார்த்ததைப் படித்தார். அதே குரலில் அடுத்ததாக, "இதக் கேளு மதி. மெர்டேக்கா கெடச்சி ஆறு மாசத்துக்குள்ள, இந்தியாவுல பொறந்தவங்க எல்லாரும் குடும்பத்தோட ஊருக்குத் திரும்பிடணுமாம்" என்றார்.

அங்கே கரண்டிச் சத்தம் நின்றது. இங்கே என் கையும் நின்றுவிட்டது.

"நெசமாவா?"

"பேப்பர்ல போட்டிருக்கான். நானா சொல்றேன்?"

அடுத்தடுத்த நாட்களிலும் அவர் படித்ததில் அதே பேச்சு. கெடு தாண்டினால் கூலி கிடைக்காது, கப்பலில் இடம் கிடைக்காது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. சந்திரமதி அழவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிவந்தாள். வளர்த்த கோழிகளை என் தலையில் கட்டினாள். "அவரு போகணும்னா நானும் போய்த்தானே ஆகணும், ருக்கு. இங்கதான் பொறந்தேன், இங்கதான் வளந்தேன்னு யாருகிட்டச் சொல்றது?" என்றாள். எனக்கு அவளில்லாத அந்தப் பலகைச் சுவரை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் வகுப்பில் அவள் முறை வந்தது.

அன்றைக்கு அவள் தூங்கி விழவில்லை. எழுந்து நின்று நிதானமாகப் பேசினாள். "கால்வாயை மூடியவர்களும் பெரியவர்கள், திறந்தவர்களும் பெரியவர்கள். குண்டு வெடிக்கிறவர்களும் அவர்களே. கடலில் மீன் பிடித்துப் பிழைக்கிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை" என்றாள். தேவதாஸ் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அவள் ஆறு மாதக் கெடுவைச் சொன்னாள். "என் கணவர் அங்கே பிறந்தவர். நான் இங்கே பிறந்தவள். புதிய நாடு முதலில் செய்யும் வேலை எங்களைப் பெட்டி கட்டச் சொல்வதுதானா? கோபப்படக்கூட எனக்குச் சக்தி இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது."

பின்வரிசையில் பூங்காவனம் விசும்பத் தொடங்கினாள். அவள் புருஷனும் ஊரிலிருந்து வந்தவர்தான்.

தேவதாஸ் சார், "எந்தப் பேப்பர், எந்தத் தேதி?" என்று கேட்டார். அது அவர் எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். சந்திரமதி பத்திரிகையின் பெயரைச் சொன்னாள். தேதி தெரியவில்லை. "வீட்டுக்காரர் படிச்சுக் காட்டுனாரு, சார்" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து அந்த மாதத்துப் பேப்பர்களை எடுத்து மேசையில் பரப்பினார். "எனக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் வரல. எதுக்கும் எல்லாரும் வந்து தேடுங்க" என்றார். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துத் தேடினோம். சூயஸ் இருந்தது, குண்டு இருந்தது. மெர்டேக்காவுக்குப் பிறகு யாருக்குக் குடியுரிமை என்று பக்கம் பக்கமாக விவாதம் இருந்தது. ஆறு மாதக் கெடு எங்கேயும் இல்லை.

"அப்படி ஒன்னும் கெடையாதும்மா. இங்க பொறந்த உன்ன யாரு போகச் சொல்றது?" என்றார் சார். பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எல்லார் முகமும் தெளிந்தது. சந்திரமதி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். நல்ல செய்தி கேட்டவளின் முகமாக அது இல்லை.

அன்று சாயங்காலம் பலகைச் சுவரருகே நான் வெட்கமில்லாமல் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் என்ன சொன்னாலும் சரி, நான் நகர்வதாக இல்லை.

"கொண்டாங்க, இன்னிக்கு நான் படிக்கிறேன்" என்றாள். கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம். "அந்த ஆறு மாசச் சங்கதி எந்தப் பக்கத்துல இருந்திச்சி?"

முக்காலி கிரீச்சிட்டது.

"வகுப்புல எல்லாப் பேப்பரையும் பாத்துட்டோம். நான் எந்திரிச்சி நின்னு பேசிட்டேன். பூங்காவனம் அழுதுட்டா. சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

அவர் முனகிக்கொண்டே பேசினார். "முடியல, மதி. மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போயிடுச்சி. அண்ணன்கிட்டப் போயி நாலு மாட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்னு தோணிச்சி. நான் கூப்புட்டா நீ வருவியா? உனக்கு வேல இருக்கு, படிப்பு இருக்கு. கவர்மெண்டே போகச் சொல்லுதுன்னா வந்துதானே ஆகணும்னு..."

அவருக்காக எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம், சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று ஆத்திரமாக வந்தது.

"என்னைக் கேட்டிருந்தா வந்திருப்பேன்" என்றாள் சந்திரமதி. "முடியல, வா போவோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மறுநாளே பெட்டி கட்டியிருப்பேன். எனக்கும்தானே முடியல."

"இப்பக் கேக்குறேன்னு வெச்சிக்க."

"இப்ப வரமாட்டேன்."

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டதாக நான் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும். அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். பேப்பரை யாரும் உரக்கப் படிக்கவில்லை. அவள் மனம் மாறிவிடும் என்று அவரும், அவர் போகமாட்டார் என்று அவளும் நினைத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. தேவதாஸ் சார் அவளுக்கு மறுபடி பேச ஒரு சனிக்கிழமை கொடுத்திருந்தார். கலியாணசுந்தரம் கப்பலுக்குப் புறப்பட்டதும் அதே நாள் காலையில்தான்.

வகுப்புக்குப் போகும் வழியில் பஸ் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். அவருக்கென்று வாங்கியது போல அந்த டிரங்குப் பெட்டி துறைமுகத்துக்குப் போகும் பஸ்ஸின் கூரைமேல் ஏறிவிட்டிருந்தது. வழிக்குக் கட்டிவந்த சோற்றுப் பொட்டலத்தைச் சந்திரமதி அவர் கையில் கொடுத்தாள். "முதுகுக்குத் தைலம் பையில இருக்கு. சூடு பண்ணித் தேய்க்கணும்" என்றாள். அவர் தலையாட்டினார். ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த கப்பலுக்காவது வந்துடு, மதி. நான்தான் கூப்பிடுறேன். பேப்பரும் இல்ல, கவர்மெண்டும் இல்ல."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனால் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு வகுப்புக்கு நேரமாயிடுச்சிங்க" என்றாள்.