பின் சீட்டு இல்லாத வண்டி

என் கணவருக்குப் போடியில் ஜீப்புப் பட்டறை. அதே கொட்டகையின் ஒரு மூலையில் என் தையல் மிஷின். எஸ்டேட்டுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளுக்குப் படுதாவும் சீட்டு உறையும் தைப்பது என் வேலை. அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம்.

அந்தக் கார் குரங்கணியில் ஒரு காப்பித் தோட்டக்காரரின் கொட்டகையில் கிடந்தது. இத்தாலிக்காரர்கள் வடிவமைத்து நம் நாட்டில் கட்டிய பழைய சின்னக் கார். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, உள்ளே காலை வைத்தால் மண்ணில் பட்டது. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை மாமா கேட்டு வாங்கி, ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

அப்போது நான் உண்டாகியிருந்தேன். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"ஆஸ்பத்திரியிலருந்து புள்ளய இதுலதான் கூட்டியாரணும்" என்றார் மாமா.

ஜீப்பு வேலை முடிந்த பிறகு அதில் உட்காருவார். தரைக்குப் புதுத் தகடு அடித்தார், டிங்கரிங் பார்த்தார், இன்ஜினை இறக்கிக் கழுவினார். பின் சீட்டு என் பங்கு. மாதுளை நிற ரெக்சின் எடுத்து, பஞ்சை இரட்டையாக வைத்துத் தைத்தேன். "ஓரத்த ஒசத்தித் தையி புள்ள, உருண்டு விழுந்துறக் கூடாது" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். பிறக்காத பிள்ளை அதில் உருளுவதை இருவருமே பார்த்துவிட்டோம்.

ஆறாம் மாதம் வலி எடுத்தது. தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆண் குழந்தை. மூச்சில்லை. துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் என் கையில் கொடுத்தார்கள். குழந்தைக்கு அப்படியே மாமாவின் நெற்றி. மறுநாள் டாக்டர் மாமாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவரிடம் என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. ஒடம்பு தேறணும்னாங்க."

தேறுவதற்காகச் சிலமலையில் அம்மா வீட்டில் இருந்தேன். திரும்பிப் பட்டறைக்கு வந்தபோது அந்தக் காரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பம்பரைக் காணோம். கதவுகளில் மெல்லிய அலுமினியத் தகடு. வண்டி தரையோடு தாழ்ந்திருந்தது. இன்ஜினில் இரண்டு கார்புரேட்டர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கியர் தரைக்கு வந்திருந்தது. உடம்பெல்லாம் சிவப்புப் பெயிண்ட். முன்னால் இரண்டு சீட்டு. அதற்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்திருந்தார்.

"சீட்டு எங்க மாமா?"

அவர் இன்ஜினுக்குள் குனிந்தபடியே பேசினார். "கோயம்புத்தூர்ல பழைய வண்டிகளுக்கு ரேஸ் வைக்கிறாங்க புள்ள. எடை இருந்தா ஆகாது."

"நான் தச்ச சீட்டக் கேக்குறேன்."

"ஜீப்புக்காரன் ஒருத்தன் கேட்டான். குடுத்துட்டேன்."

நான் மிஷினில் போய் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் ஏறவே இல்லை. அன்றிலிருந்து சாப்பாடு, மருந்து, தண்ணீர் வந்ததா என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லாமல் போனது.

அந்தச் சீட்டை வாங்கிப்போன ஜீப்பு ஒரு நாள் படுதா கிழிந்து வந்தது. டிரைவர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "மதினி, ஒங்க சீட்டு மெத்தையாட்டம் இருக்கு. ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளயாளுக அந்த எடத்துக்குச் சண்ட போடுறாக." நல்லது என்றேன். படுதாவைத் தைத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு மீந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

சோதனை ஓட்டத்துக்கு மாமா என்னைக் கூப்பிட்டார். "போடிமெட்டு வரைக்கும் ஒரு தடவ வா. பக்கத்துல ஆளு இருந்தாத்தான் வளைவுல எப்பிடி நிக்கிதுன்னு தெரியும்." விடிந்த கையோடு கிளம்பினோம். முந்தல் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் வண்டிக்கு வெறி வந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு வளைவையும் கவ்விப் பிடித்துத் திரும்பியது. சத்தம் பாறையில் முட்டி எங்களிடமே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை, சிரிப்போடு நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சீட்டு இருந்த இடத்தில் குழாய்கள்தான் இருந்தன.

"மாமா, அன்னைக்கி டாக்டர் என்ன சொன்னாங்க?"

அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அடுத்த வளைவில் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"இன்னொரு தடவ உண்டானா ஒன்னயக் காப்பாத்த முடியாதுன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வாய் வரல புள்ள. அந்தச் சீட்டத் தெனமும் பாத்துக்கிட்டு வேல செய்ய முடியல, கழட்டுனேன். கழட்டுன எடத்தயும் பாக்க முடியல. கம்பிய வச்சு அடச்சுட்டேன்."

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். தோளைத் தொட நினைத்தேன், கை போகவில்லை. என் உடம்பைப் பற்றிய சேதி. அது எனக்குத் தெரியும் முன்னே இந்த மனிதர் ஒரு காரையே அறுத்து முடித்திருந்தார்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேருமா அழுதுருக்கலாம்ல மாமா" என்றேன்.

கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு டீக்கடையில் ஒரு மலையாளி காரைச் சுற்றி வந்து, "இது ஏது வண்டியா சேச்சீ?" என்று கேட்டார்.  "பழைய வண்டி. நாங்களே மாத்துனது" என்றார் மாமா.

இறங்கும்போது மெதுவாக ஓட்டினார். "அந்தக் கம்பிய அறுத்துட்டு வேற சீட்டு வைக்கட்டுமா?" என்றார்.

"யாரு உக்கார?"

குத்திக்காட்ட நினைத்துக் கேட்கவில்லை. அவர் கியரைக் குறைத்து அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினார்.

கோயம்புத்தூருக்கு அவர் மட்டும் போனார். சாயங்காலம் போன் வந்தது. மூன்றாவதாக வந்தாராம், கப்பு கொடுத்தார்களாம். நல்லது மாமா என்றேன்.  அங்கே வண்டிகள் உறுமுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"சாப்ட்டியா?" என்றார் கடைசியில்.

"இன்னும் இல்ல" என்றேன்.