வெள்ளைப் புட்டியும் ஆறாத காயமும்

பிள்ளைகளே, அந்தச் சம்பாப் பருவத்தில் உலகம் முழுவதும் எனக்கு மங்கலாகத் தெரிந்தது. எதிர் வரப்புத் தென்னைகள் தண்ணீரில் கரைந்து நிற்பவைபோல இருந்தன. நாற்றங்காலின் பச்சை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அழகாகத்தான் இருந்தது. அதை நோய் என்று நான் நினைக்கவில்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு. சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கிப் போட்டுவந்தேன். ஆடி மாதம் சீர்காழியிலிருந்து என் மனைவியின் அண்ணன் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார்.

“மாப்ள, இந்த ஊதா ஜூஸு ஆன்டி ஆக்சிடன்ட். உடம்பு துருப்பிடிக்காது. இந்தச் சின்ன வெள்ளப் புட்டியில நல்ல கிருமி உசுரோட இருக்கு. குடலுக்குள்ள போயி வேலை செய்யும்.”

“கிருமியவா குடிக்கச் சொல்றீங்க?” என்று மனைவி முகம் சுளித்தாள்.

“ஏம்மா, நீ ஊத்துற தயிருல மட்டும் என்ன இருக்காம்?”

உயிருள்ள கிருமி என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. விதைக்கும் முன் நெல்விதையில் உயிர் உரம் கலப்போம். பொட்டலத்தில் கறுப்பு மாவுபோல இருக்கும். ஆறிய வடிகஞ்சியில் அதைக் குழைத்து, விதையோடு புரட்டி, நிழலில் உலர்த்துவோம். அதிலும் இருப்பது நல்ல கிருமிதான். “இதோட மருந்து எதையும் கலந்துடாதீங்க, கிருமி செத்துடும்” என்று வேளாண்மை ஆபீசில் ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். நான் ஒருமுறைகூடக் கலந்ததில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். என் யோசனை அந்த வழியிலேயே போயிற்று. வயலுக்கு ஆகாதது வயிற்றுக்கு மட்டும் ஆகுமா? மாத்திரையும் மருந்துதானே? யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். மாத்திரை அட்டைகளை விதைமூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

காலையில் வெள்ளைப் புட்டி, மாலையில் ஊதா ஜூஸ். இரண்டுமே நல்ல தித்திப்பு. சில வாரங்களில் தாகம் வந்தது. வாய்க்காலையே குடித்துவிடலாம் போல இருந்தது. ஓயாமல் சிறுநீர் போயிற்று. மச்சானிடம் போனில் சொன்னேன். “கழிவெல்லாம் வெளிய போவுது மாப்ள, நல்லதுதான்” என்றார்.

வரப்பில் உட்கார்ந்தால் கண் சொருகும். மடையில் விழும் தண்ணீரின் சத்தம் என் உடம்புக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். உள்ளே அந்தக் கிருமிகள் முழங்கால் சேற்றில் குனிந்து, வரிசை பிடித்து நாற்று நடுவதாக நினைத்துக்கொள்வேன். அவை பாடுவதுபோலக்கூட இருக்கும்.

நடவுக்கு வயலைச் சேறடித்தபோது ஒரு நத்தை ஓடு என் இடதுகால் பெருவிரலைக் கிழித்தது. வழக்கமாக நாலைந்து நாளில் மூடிவிடும். பத்து நாளாகியும் அது வாய் திறந்தே இருந்தது. பக்கத்து வயல்காரருக்கு இப்படி ஒரு காயத்தில்தான் விரல் போனது. இரவில் அந்த நினைப்பு வரும். காலையில் இன்னொரு புட்டியைத் திறப்பேன்.

விதைமூட்டையை நகர்த்திய என் மகள் மாத்திரைகளைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, என்ன இது? எல்லாம் அப்படியே இருக்கு!”

“கிருமிக்கு ஆவாதுடி.”

“எந்தக் கிருமிக்கு?”

சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டாள். “கெளம்புங்கப்பா.” ஜூஸ் பாட்டிலையும் பையில் எடுத்துக்கொண்டாள்.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா சர்க்கரையைப் பரிசோதித்துவிட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“யோசிச்சுத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இந்த மாத்திரை பூச்சிமருந்து இல்லீங்க. அந்தக் கிருமிக்காக இத நிறுத்தவே வேணாம்.”

“அப்ப அந்தப் புட்டி வீணாங்க?”

“சில பேருக்கு வயித்துக்குக் கொஞ்சம் நல்லது பண்ணலாம். சர்க்கரைய எறக்காது. ஜூஸும் அப்படித்தான். அதுல என்ன சேத்திருக்காங்கன்னு படிச்சீங்களா?”

மகள் பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். தண்ணீருக்கு அடுத்ததாகச் சர்க்கரை என்றே எழுதியிருந்தது.

டாக்டரம்மா காயத்தைக் கழுவிக் கட்டினார். “மாத்திரைய இன்னைக்கே தொடங்குங்க. காயம் மூடுற வரைக்கும் சேத்துல எறங்கக் கூடாது. இன்னும் விட்டிருந்தா விரல எடுக்க வேண்டி வந்திருக்கும்.”

நடவு அன்று கட்டுப்போட்ட காலோடு வரப்பில் நின்றேன்.

“என்னண்ணே, பண்ணையாரு மாதிரி செருப்போட நிக்கிறீங்க!” என்றாள் நட வந்த ஒருத்தி.

“அவரு கிருமிங்களுக்குப் பண்ணையாரு” என்றாள் என் மனைவி. வயலே சிரித்தது.

அடுத்த முறை வந்த மச்சான் மீதிப் புட்டிகளைப் பார்த்து விழித்தார். என் மகள் அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்: “மாமா, நீங்க உங்க பிரஷர் மாத்திரைய நிறுத்தலல்ல?” அவர் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் பாதி காலியாக இருந்தது.

சர்க்கரை இறங்க இறங்கக் கண்ணிலிருந்த மூட்டம் விலகியது. தென்னைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. பிறகு கீற்றுகளும் தெரிந்தன. முதல் களையெடுப்புக்குள் காயம் மூடிவிட்டது. டாக்டரம்மா அமுக்கிப் பார்த்து, “எறங்கலாம்” என்றார்.

மறுநாள் செருப்பை வரப்பில் விட்டு வயலில் காலை வைத்தேன். சேறு குளிர்ச்சியாக விரல்களுக்கு நடுவே ஏறிவந்தது. களையெடுக்கக் குனிவதற்கு முன், அந்தச் சேற்றுக்குள்ளேயே ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டேன்.